கை வளரட்டும், பாப்போம்

எங்கள் காலத்தில் போடியில் பள்ளிக்கூடத்தில் சேர ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் அஞ்சு வயசு ஆகிவிட்டது. தொடாவிட்டால் ஆகவில்லை. பிறந்த தேதி, சாதகம், சாட்சி எதுவும் வேண்டாம். பாதிப் பிள்ளைகள் மேலே மலையில், ஏலக்காய்த் தோட்டத்து வரிசை வீடுகளில் அடைமழைக்கு நடுவே பிறந்தவை. அதுகளின் தேதியை யார் உட்கார்ந்து எழுதி வைத்தார்கள்? தலைமையாசிரியர் காதைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், பிறந்த மாதம் ஜூன் என்று போட்டுக்கொள்வார். இன்றைக்கும் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அரசாங்கக் கணக்குப்படி ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்தான். அந்த ஒரு மாதம் முழுக்க எங்கள் ஊர்ப் பெண்கள் வேறு சோலியே பார்க்காமல் பெற்றுத் தள்ளியிருக்க வேண்டும்.

எனக்கு வலது கை முழங்கையோடு முடிந்துவிடும். பிறவியிலேயே அப்படித்தான். நுனியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு சதைக் குமிழ் உண்டு. சின்ன வயதில் அதை ஆட்டிக் காட்டித் தெருப் பிள்ளைகளை ஓட ஓட விரட்டியிருக்கிறேன். இருக்கிற சொத்தை வைத்துத்தானே பிழைக்க வேண்டும்.

காரணம் என்ன என்று ஊருக்கு நன்றாகத் தெரியும். நான் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று என் அம்மா அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கினாளாம். என் அப்பாவின் அக்கா இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோலச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் குழாயடியில் வைத்து அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“மதினி, நறுக்குனா நறுக்குனாங்கிறீகளே, அன்னைக்கு வீட்டுல வெங்காயம் இருந்துச்சா? ஒங்க தம்பி வாங்கிப் போட்டிருந்தாத்தானே நான் நறுக்க?”

அதற்குப் பிறகு அத்தை வெங்காயத்தை விட்டுவிட்டாள். பூசணிக்காய் என்று மாற்றிக்கொண்டாள்.

அப்பா ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். நல்ல மனிதர், வாய் மட்டும் கிடையாது. அவருக்கும் சேர்த்து அம்மாவுக்கு இருந்தது. அம்மா மலையில் காய் எடுக்கப் போவாள். விடியும் முன்னே ஜீப்பு வந்து தெருமுனையில் நிற்கும். உட்கார்ந்தவள் மடியில் ஒருத்தி, அவள் மடியில் தூக்குச்சட்டி என்று அடைத்துக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறும். மேலே போனால் கேரளம். அங்கே போய் அவள் படித்துவந்தது இரண்டு விசயம். ஒன்று, செடியின் காலடியில் குந்தி உட்கார்ந்து பிஞ்சில் கை படாமல் விளைந்த காயை மட்டும் கிள்ளுவது. இன்னொன்று, மலையாளத்தில் வைவது. போடியில் பாதிப் பேருக்கு மலையாளம் புரியும் என்பதால் ஆள் பார்த்துத்தான் வைவாள்.

அவளுக்கு வாய்தான் பெரிசு. பயமும் அதே அளவுக்கு இருந்தது. எனக்கு அஞ்சு வயதிருக்கும்போது சித்தப்பா ஒருவர் வந்து காப்பியைக் குடித்துவிட்டு, “சித்திரையில வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போயி கோயில் வாசல்ல ஒரு துண்டை விரிச்சு ஒக்கார வச்சாப் போதும் அண்ணே, புள்ள பாட்டை அதுவே பாத்துக்கிரும்” என்று அப்பாவிடம் யோசனை சொன்னார். அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். சித்தப்பா டம்ளரோடு ஓடினார். டம்ளர் திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே நினைப்பு: நாலு எழுத்து உள்ளே போகாவிட்டால் இவளை என்றைக்காவது எவனாவது துண்டில் உட்கார வைத்துவிடுவான். பள்ளிக்கூடத்தில் நான் சேர்ந்தே ஆக வேண்டும்.

தமிழைச் சொல்ல வேண்டும். கை இல்லாமல் இந்த மொழியில் நாலு வார்த்தை பேச முடியாது. காரியம் கைகூட வேண்டும், அவன் கைகொடுத்தான், இவன் கைவிட்டான், அவளுக்குக் கைராசி, இவளுக்குக் கைமணம். சேர்க்கப் போன அன்று காலையில் எனக்குத் தலை சீவிவிட்டு அம்மாவும், “வாடி, ஒரு கை பாத்துர்றது” என்றாள். என்னிடம் இருந்ததும் ஒரு கைதான்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் வரிசை நின்றது. மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியர். சிவகங்கைப் பக்கத்து ஆள், புதிதாக வந்தவர், மலையாளம் தெரியாது. இதை அம்மா முன்பே விசாரித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையாக முன்னால் வரும். “காதைத் தொடு.” எட்டினால் உள்ளே. எட்டாத பிள்ளைக்கு ஒரே பாட்டு: “கை வளரட்டும், அடுத்த வருசம் பாப்போம்.” இதைச் சொல்வதற்கு அவர் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.

என் முறை வந்தது. நான் இருக்கிற கையைத் தூக்கித் தலைக்கு மேலே போட்டு வலது காதைத் தொட்டேன். தொட்டதோடு இழுத்தும் காட்டினேன்.

“பீச்சாங்கை இல்ல. சோத்துக்கை.”

நான் சோற்றையும் இந்தக் கையால்தான் தின்றேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வலது பக்கத்தைத் தூக்கினேன். அது காதோரம் வரை வந்து நின்றுகொண்டது.

“கை வளரட்டும், அடுத்த வருசம் பாப்போம்.”

அம்மா ஒரு நிமிடம் அசந்து போனாள். “சார், கொஞ்சம் நிமிந்து பாருங்க சார். கையே இல்ல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. அந்த நேரத்தில் “அடடா, கவனிக்கலம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வரிசை முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கும் தலைமையாசிரியரை நான் இதுவரை கண்டதில்லை.

“ரூல்னா ரூல்தாம்மா. எல்லாருக்கும் ஒரே ரூல். ஆளுக்கு ஒண்ணு என்னால வைக்க முடியாது. அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க.”

“அடுத்த வருசம் வந்தா மட்டும் மொளச்சிருமா சார்? ஏலக்காய்ல வெடிச்ச காயக்கூட நாங்க தூரப் போடுறதில்ல. தனியா அள்ளி அதையும் விக்கிறாக.”

“இது பள்ளிக்கூடம்மா, ஏலக்கடை இல்ல.”

“தெண்டி” என்றாள் அம்மா.

“என்னது?”

“மேல மலையாளத்துல பெரிய மனுசங்களை அப்பிடித்தான் சொல்லுவாக சார்.”

தெண்டி என்றால் பிச்சைக்காரப் பயல். தலைமையாசிரியர் மரியாதையை ஏற்றுக்கொண்டு தலையாட்டினார்.

எங்களுக்கு அடுத்து நின்றவர் பக்கத்து வீட்டு ஜீப்புக்காரர், அம்மாவை மலைக்கு ஏற்றிப்போகிறவர். தோளில் அவர் மகள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. பால்குடி மறக்கும் பருவத்தில் காய்ச்சல் வந்து இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் துவண்டுவிட்டன. இடுப்புக்கு மேலே மட்டும் அவள் ராட்சசி. அப்பாவின் தோளில் இருந்தபடியே, கேட்பதற்கு முன்னாலேயே, வலது கையைத் தலைக்கு மேலே போட்டு டக்கென்று இடது காதைப் பிடித்தாள். பிறகு மறு காதையும் பிடித்தாள். மூக்கையும் தொட்டுக் காட்டினாள்.

தலைமையாசிரியர் அவள் காலைப் பார்த்தார். இந்த முறை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

“காதைத் தொட்டாப் போதுமா? நடக்க வேணாமா?”

“ரூலு காதுதானே சார்?” என்றார் ஜீப்புக்காரர்.

“காது வயசுக்குய்யா. பள்ளிக்கூடத்துக்குக் காலு வேணும்.”

“காலையில நான் ஜீப்புல எறக்கி விட்டுட்டுப் போறேன் சார். சாயங்காலம் வந்து தூக்கிக்கிறேன்.”

“நடுவுல ஒண்ணுக்கு வந்தா யாரு தூக்குறது? நானா? முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமாய்யா?”

ஜீப்புக்காரர் மகளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். தோளில் இருந்தவள் பேசினாள். “தேனு எங்க வீட்டுல பாட்டில்ல இருக்கு சார். அப்பா மலையிலேர்ந்து கொண்டாந்துச்சு. ஒங்களுக்கு வேணுமா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. “நடக்கட்டும், அடுத்த வருசம் பாப்போம்” என்று முடித்துவிட்டார்.

திரும்பி வரும்போது அம்மா ஜீப்புக்காரரிடம் சொன்னாள்: “பாத்தீகளா அண்ணே? காதைத் தொட முடியாதவளுக்குக் காது ரூலு. தொடுறவளுக்குக் காலு ரூலு. நாளைக்குக் கண்ணு தெரியாத புள்ள ஒண்ணு போனா, மொட்டை மாடியில நிண்டு மலையில எத்தனை மரம்னு எண்ணச் சொல்லுவான் அந்தாளு.”

பெரியவர்கள் கோபப்பட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். இதை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். வாத்தியார் சொன்னார் கை வளரும் என்று. வளராமல் எங்கே போகும்? பல் விழுந்தால் முளைக்கிறது, முடி வெட்டினால் வளர்கிறது, கை மட்டும் என்ன தவறு செய்தது? அவளுக்கும் அதே நம்பிக்கை. மாதக் கணக்கில் நான் கைக்காகவும் அவள் காலுக்காகவும் காத்திருந்தோம்.

ஜீப்பில் கழித்துப்போட்ட பேரிங்குகளை வைத்து அவள் அப்பா அவளுக்கு ஒரு பலகை வண்டி செய்து கொடுத்திருந்தார். சாயங்காலம் நான் கயிற்றைப் பிடித்து இழுப்பேன், அவள் மகாராணி மாதிரி உட்கார்ந்து வழி சொல்வாள்.

“வளந்துச்சாடி?” என்பாள்.

“இல்ல. ஒனக்கு?”

“காலையில சுண்டுவெரலு அசஞ்சுச்சு.”

“பொய்யி.”

“சாமி சத்தியமா.”

அவளுக்கு அசைந்த பிறகு நான் சும்மா இருக்க முடியுமா? மறுநாள் எனக்கு உள்ளே அரித்தது. அதற்கு மறுநாள் அவளுக்கு முழங்காலில் எறும்பு ஊர்ந்தது. போட்டி போட்டுப் பொய் சொன்னோம். அடுத்தவள் சொல்வது பொய் என்று இருவருக்குமே தெரியும். தான் சொல்வது மட்டும் கொஞ்சம் நிசம் என்று இருவருமே நினைத்தோம்.

கூத்து என்னவென்றால், என் அப்பாவும் நம்பினார். ராத்திரி மூட்டை தூக்கிய தோளோடு வந்து உட்கார்ந்து, என் கை நுனியில் நல்லெண்ணெய் விட்டு நீவிவிடுவார். ஒருநாள் அம்மா சோறு போட்டுக்கொண்டே, “எதுக்கு எண்ணெயைச் செலவழிக்கிறீக?” என்று கேட்டாள்.

“வாத்தியாரு படிச்சவரு. தெரியாமலா சொல்லியிருப்பாரு?” என்றார் அப்பா.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கை வளரவே வளராது என்று தெரிந்ததும் அன்றைக்குத்தான். அப்பா எண்ணெய்ப் பாட்டிலை மூடி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தார். சோறு ஆறிப்போகும் வரை யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் ஜீப்புக்காரர் மகளிடம் சொன்னேன். “வளராதாம்டி.”

“ஒனக்கா, எனக்கா?”

“ரெண்டு பேருக்கும்.”

அவள், “சரி, போ. இங்க பாரு” என்று தன் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, அது ஏதோ அடுத்த வீட்டுக்காரன் சாமான் என்பதுபோலக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டிக்கொண்டாள். “மாலை போட்டுக்கிட்டேன் பாத்தியா?”

துவண்ட கால் என்பதால் அவளுக்கு அது எளிது. என் கால் முரண்டு பிடித்தது. மலையிலிருந்து சாரல் இறங்கி வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் அவள் வாத்தியார், நான் மாணாக்கி. பிரம்புக்குப் பதில் முருங்கைக் குச்சி. இடது கையால் வலது பாதத்தைப் பிடித்து இழுத்து, தொடை கிழிவதுபோல வலித்து, மல்லாக்க விழுந்து எழுந்து, ஒருநாள் கால் கழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. பெருவிரல் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

“ஏய்! காது! காதைத் தொட்டுட்டடி!” என்று அவள் கூவினாள்.

வலது காலால் இடது காது. இரண்டு பேரும் கத்திய கத்தலில் அத்தை ஓடிவந்து, பாவாடையோடு நான் கிடந்த கோலத்தைப் பார்த்து, முதுகில் நாலு போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த ஜூன் வந்தது. அதே வராந்தா, அதே மேசை. எங்கள் வித்தையை நாங்கள் வீட்டில் சொல்லவில்லை. அம்மா வழியெல்லாம் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருக்கிறாள். ஆனால் அதற்கு வேலை வரவில்லை. என் முறை வந்ததும் தலைமையாசிரியர் குனிந்த தலை நிமிராமல், “காதைத் தொடு” என்றார். நான் வலது பக்கத்தைத் தூக்கினேன். ஓரக்கண்ணால் பார்த்தார்.

“கை வளரட்டும், அடுத்த வருசம் பாப்போம்.”

போன வருசம் இதே பிள்ளையிடம் இதையே சொன்னோம் என்பதுகூட அந்த மனுசனுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் வராந்தாவில் பொத்தென்று உட்கார்ந்தேன். பாவாடை எங்கே போனால் என்ன. காலைப் பிடித்து இழுத்துக் கழுத்தில் மாட்டி, பெருவிரலால் இடது காதைத் தொட்டேன்.

“தொட்டாச்சு சார்!”

ஒரு டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர். வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. தலைமையாசிரியர் மேசைக்கு மேலே எக்கி என்னைப் பார்த்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா விடுவாளா?

“போன வருசம் கை வளரட்டும்னீங்க. கை வளரல சார், காலு வளந்துருச்சு. எடுத்துக்கங்க.”

“சேத்துக்கங்கப்பா, இதைச் சேத்துக்கங்க” என்று அவர் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். நானும் ஜூன் மாதத்தில் பிறந்தேன்.

அடுத்து அவள். ஜீப்புக்காரர் அவளைத் தரையில் இறக்கி உட்கார வைத்தார். அவள் சட்டப்படி முதலில் கையால் காதைத் தொட்டாள். தலைமையாசிரியர் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டாள் போல. இந்த வருசச் சட்டம் கால்தான் என்றும் நினைத்திருப்பாள். வலது காலைத் தூக்கிக் கழுத்தில் மாட்டினாள். அதோடு நிற்கவில்லை, இடது காலையும் தூக்கி மாட்டினாள். என்னால் அது முடியவே முடியாது. வித்தையே அவளுடையதுதானே. இரண்டு காலையும் மாலையாகப் போட்டுக்கொண்டு, எல்லாரும் சிரிப்பதற்காக முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

கால் இரண்டும் குச்சி குச்சியாக இருந்தன. ஒருத்தி “அய்யோ பாவம்” என்றாள். இன்னொருத்தி “முருகா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிரித்த டீச்சர் உள்ளே போய்விட்டார். தலைமையாசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வேணாம்த்தா, வேணாம். கால எறக்கு” என்றார். பிறகு அவள் அப்பாவிடம், குரலை இறக்கி, ரொம்ப நல்ல மனுசனாக, “ஏன்யா புள்ளைய வதைக்கிற? இதுக்கு எதுக்குய்யா படிப்பு? வீட்டுல வச்சு நல்லபடியாப் பாத்துக்க” என்றார். இந்த முறை அடுத்த வருசம் என்றுகூடச் சொல்லவில்லை.

“ஏன் சார், இவ கால்ல தொட்டதுக்கே சேத்தீக, அவ கையாலயே தொடுறாளே?” என்று அம்மா கத்தினாள். அவர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். “தெண்டி!” என்றாள், வரிசை முழுக்கக் கேட்கும்படி. அர்த்தம் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஜீப்புக்காரர் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “விடு தங்கச்சி, வெரசா வா, லோடு நிக்குது” என்று நடந்தார். தோளிலிருந்து அவள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கை மட்டும் காதைத் தொட்டபடியே இருந்தது.

இதற்கு எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை. சிரிக்க வைத்த பிள்ளையைச் சேர்த்தார்கள், பாவப்பட வைத்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினார்கள். எங்களைப் போன்ற பிள்ளைகளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அப்போது ஊரில் யாருக்கும் தெரிந்த சட்டம் எதுவும் இல்லை. சேர்க்கக் கூடாது என்றும் இல்லை. அதையெல்லாம் எழுதி வைத்த சட்டம் வந்து சேர்ந்தபோது எங்கள் தெருப் பிள்ளைகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அதுவரை எங்கள் உரிமை எல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அன்றைக்குச் சிரிப்பு வருமா வராதா என்பதில் இருந்தது. குரங்காட்டியின் குரங்குக்குக்கூட இதைவிட நிச்சயமான வரும்படி உண்டு.

பள்ளிக்கூடத்தில் நான் நன்றாகத்தான் இருந்தேன். புதிதாக வரும் டீச்சர்கள் எல்லாம் முதல் நாள் “பீச்சாங்கையால எழுதாதே!” என்று அதட்டுவார்கள். நான் மெதுவாக எழுந்து நின்று வலது பக்கத்தைத் தூக்கிக் காட்டுவேன். அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வகுப்பே காத்திருக்கும். அப்புறம் வருசம் முழுக்க எனக்கு அடி கிடையாது.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் சிலேட்டைத் திருப்பி என் மடியிலேயே போட்டாள். “ஒன்னையச் சேத்த மாதிரி என்னையவும் சேக்கச் சொல்லு. அப்பப் படிக்கிறேன். நீ ஒண்ணும் பாவம் பாத்துச் சொல்லித்தர வேணாம்.” எத்தனையோ தடவை கேட்டும் அதே பதில்தான். கொஞ்சம் வளர்ந்ததும் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கும் வேலைக்கு உட்கார்ந்தாள். உட்கார்ந்தே பார்க்கிற வேலை. அங்கே அவள் வாய்க்குப் பயந்து முதலாளி அந்தப் பக்கமே வருவதில்லை என்று கேள்வி.

எண்பதுகளில் அரசாங்கத்துக்கு எங்கள் ஞாபகம் வந்தது. நொண்டி, மொண்டிக்கை என்று இருந்தவர்கள் ஊனமுற்றோர் ஆனோம். பஸ்சில் சலுகைச் சீட்டு கொடுக்கிறார்கள், முகாமுக்கு வந்து டாக்டரிடம் காட்டி அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் அப்போது தேனியில் ஒரு கடையில் எழுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், தினம் பஸ்சு. அவளுக்கு மதுரைக்குப் போய்க் காலுக்கு இரும்புக் கம்பி வைத்த பூட்சு அளவு கொடுக்க வேண்டும். பல தடவை போக வேண்டிவரும். இரண்டு பேரும் கிளம்பினோம்.

முதலில் போட்டோ. ஊனம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்று விதி. ஸ்டூடியோக்காரர் பழக்கதோசத்தில் என் முந்தானையை இழுத்துக் கையை மூடினார். “கை தெரியணும் அண்ணே” என்றேன். “மாப்ளை வீட்டுக்காரங்க பாத்தா?” என்றார். “மாப்ளை வீட்டுக்கு இல்ல, கவர்மெண்டுக்கு” என்றதும் பெருமூச்சு விட்டபடி முந்தானையை விலக்கினார்.

முகாம் மாடியில் நடந்தது. நடக்க முடியாதவர்களுக்கான முகாமை மாடியில் வைத்தவனுக்குக் கோயில் கட்டலாம். அவள் என்னை மேலே அனுப்பிவிட்டு, ஒவ்வொரு படியாகக் கையை ஊன்றி, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தாள். மேலே வந்ததும் டாக்டர் நிமிராமலே, “எங்க, நடந்து காட்டும்மா” என்றார்.

“நடந்து காட்டுனா எனக்கு எதுக்கு சார் சர்ட்டிபிகேட்டு?” என்றாள்.

அவர் எழுதி முடித்தார். என் கையையும் பார்த்தார், இல்லை என்பதை அழுத்திப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பக்கத்தில் இருந்த குமாஸ்தா காகிதங்களை எங்கள் முன்னால் வைத்து, பேனாவை அவள் பக்கமும் மைப்பெட்டியை என் பக்கமும் நகர்த்தினார். “நீ கையெழுத்துப் போடும்மா. ஒனக்குத்தான் கை இல்லையே, இடது பெருவெரலு ரேகை வையி.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் அவள் பக்கம் இருந்த பேனாவை எடுத்தேன். அவள் என் பக்கம் இருந்த மைப்பெட்டியை இழுத்துக்கொண்டாள். இரண்டு கையும் உள்ளவள் ரேகை வைத்தாள். கை இல்லாத நான் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா ஏதோ தப்பு நடக்கிறது என்று என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது ஒரு வருசத்துக்குத்தான் செல்லும்” என்றார் டாக்டர். “அடுத்த வருசம் திரும்ப வந்து காட்டணும்.”

“வளந்துச்சானு பாக்கவா சார்?” என்றாள் அவள். டாக்டருக்குப் புரியவில்லை.

இறங்கும்போது நானும் அவளோடு படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். நடுவில் ஒரு படியில் நிறுத்தி, என் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மை காயாத விரலால் என் கையெழுத்துக்குக் கீழே தொட்டாள்.

“இதுல எதுடி ஒம் பேரு?”

“இது பூராவும் எம் பேருதான்.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பெருவிரலை என் முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.

“அடுத்த வருசம் வளந்துருமாடி?” என்று கேட்டேன், பழைய வேடிக்கையாக.

அவள் சிரிக்கவில்லை. “எனக்குக் காலு வேணாம்டி. ரூலுப்படி நான் காதைத் தொட்டேன். அந்தாளு சேத்திருக்கணும்.”

காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையை ஊன்றி அடுத்த படிக்கு இறங்கினாள்.